கடைசியாகக் கை வைத்தவர்

ஆங்கில இலக்கண நூலின் அந்த அத்தியாயத்துக்குப் பதிப்பகத்தில் எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘வால் பாடம்’. தமிழில் ஒருவரைக் குறிப்பிடும்போது அடையாளம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்: மாடி வீட்டு மாமா, கண்ணாடி போட்ட வாத்தியார், மூலை மேசைப் பெண். ஆங்கிலத்தில் பெயர் முதலில் தனியாக வந்து நிற்கும். எந்த வீடு, எந்தப் பிரிவு, கையில் என்ன குடை என்பதெல்லாம் அதன் பின்னால் தொங்கிக்கொண்டு வரும். அந்தத் தொங்கலை அடையாளம் காணவும், அதன் முன்னும் பின்னும் காற்புள்ளி இடவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதுதான் பாடம்.

அதற்கு வாக்கியங்கள் எழுதும் வேலை பெரியவளிடம் வந்தது. அவள் தங்கை சின்னவளும் ஒரு காலத்தில் அதே ஆங்கிலப் பிரிவில்தான் இருந்தாள். அக்கா எடுத்துக்காட்டுகளை எழுதுவாள். தங்கை மூலை மேசையில் உட்கார்ந்து, ஆசிரியர்களுக்கான விடைநூலைத் தயாரிப்பாள். அலுவலகத்தில் இருவரையும் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். இப்போது சின்னவள் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுக்கிறாள். வேறு எந்தப் பதிப்பகமும் அவளை எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு சீட்டு.

பதிப்பகத்தை ஆரம்பித்த பெரியவர் ஒரு வழக்கத்தை விட்டுப் போயிருந்தார். புத்தகம் வெளியான பிறகு பிழை தெரிந்தால், திருத்தத்தைச் சிறு சீட்டாக அச்சடித்து அந்தப் பக்கத்தில் ஒட்டுவார்கள். எல்லாப் பதிப்பகமும் செய்வதுதான். இங்கே மட்டும் சீட்டின் அடியில் பிழை செய்தவரின் பெயரும் இருக்கும். ஒரு வரி பலர் கையைத் தாண்டி வருவதால், யார் பிழை என்ற சண்டை வராமலிருக்க ஒரு விதியும் உண்டு. அந்த வரியில் கடைசியாகப் பேனா வைத்தவர் யாரோ, அவர் பெயர். நிறுவனரே தன் பெயரை இரண்டு சீட்டுகளில் போட்டுக்கொண்டவர். சீட்டைப் பக்கத்தின் மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி ஒட்ட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். தூக்கிப் பார்த்தால் பழைய பிழை தெரிய வேண்டும். மூடி மறைத்தது போல் இருக்கக்கூடாது.

தேர்வுப் பயிற்சி நூலின் விடைநூல் அச்சுக்குப் போக வேண்டிய நாளில் தொலைபேசியில் சின்னவளை அழைத்தவர் பிரிவின் தலைமைப் பதிப்பாசிரியர். பச்சை மையில் மட்டுமே திருத்துவார் என்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் பச்சை மை. ஒரு பக்கம் முழுவதும் விடைகள் தவறு என்றார். எப்படி மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். சார், நீங்க பழைய பதிப்பை வச்சுக்கிட்டுப் பார்க்கறீங்க போலிருக்கு, கேள்விகளோட வரிசை இதுல மாறியிருக்கு என்று சின்னவள் இரண்டு தடவை சொன்னாள். சொன்னதைச் செய் என்று போனை வைத்துவிட்டார். அவள் தன் பேனாவால் மாற்றினாள்.

பழைய பதிப்பைத்தான் அவர் பார்த்திருந்தார். பள்ளிகளில் சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் போயிற்று. பெற்றோர் கடிதம் எழுதினார்கள், ஒரு பள்ளி மொத்தப் பிரதிகளையும் திருப்பி அனுப்பியது. விசாரித்தபோது பச்சை மை, தான் தொலைபேசியில் எதுவும் சொல்லவில்லை என்றார். கடைசிப் பேனா சின்னவளுடையது. சீட்டு அச்சாயிற்று, அடியில் அவள் பெயர், அதன் வாலாக ‘ஆங்கிலப் பிரிவைச் சேர்ந்த’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். மறு வாரம் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலை போனதைக்கூடச் சின்னவள் தாங்கிக்கொண்டாள். அந்த வால்தான் போகவில்லை. நேர்காணலுக்குப் போன இடங்களில் அவள் பெயரைக் கேட்டதும், ‘ஓ, அந்த விடை மாத்தின பொண்ணா’ என்று முகம் மாறியது. தனிப்பாடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் தயங்கித் தயங்கி, பெரிய வகுப்புக்கு வேண்டாம், சின்ன வகுப்புப் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி அவள் அக்காவிடம் கேட்டாள்.

“என் பேரைச் சொன்னா அதோட நிறுத்தவே மாட்டாங்களாக்கா? பின்னாடி எதையாவது ஒண்ணைத் தொங்கவிட்டே ஆகணுமா?”

பச்சை மையின் பெயரும் அப்படி ஒரு சீட்டின் அடியில் வர வேண்டும், அதே வாலோடு வர வேண்டும் என்று அன்றைக்குப் பெரியவள் முடிவு செய்தாள். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. மன்னிப்பு வேண்டாம், தங்கைக்கு வேலை திரும்ப வேண்டாம். அந்த ஒரு சீட்டு போதும்.

அதற்காகத்தான் காத்திருந்தாள். வால் பாடம் அவள் மேசைக்கு வந்தது.

பச்சை மையைப் பற்றி அவளுக்கு இரண்டு விஷயங்கள் நன்றாகத் தெரியும். அவருக்குத் தன் பெயர் மிகவும் பிடிக்கும். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் போடுவதற்கென்று பிரிவில் சில பெயர்கள் வைத்திருந்தார்கள். அவர் பதவிக்கு வந்த புதிதில் தன் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார். அதன் பிறகு வந்த இலக்கண நூல்களில் எல்லாம் அவர் நேரத்துக்கு எழுந்தார், பந்தயத்தில் முதலாவதாக வந்தார், ஆற்றில் விழுந்த கன்றுக்குட்டியைக் காப்பாற்றினார். புதிதாகச் சேருபவர்கள், அவரை எந்த வாக்கியத்திலும் தோற்கவிடக்கூடாது என்பதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். எதிர் மேசையில் கணக்குப் பாடநூல் பார்க்கும் கணக்குக்காரர், அவர் செத்தா இறந்தகாலத்துக்கு எடுத்துக்காட்டா போட்டுக்கலாம் என்பார்.

இன்னொன்று, அவர் வாக்கியத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று படிப்பதே இல்லை. இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த மாடியில் யாரும் படிப்பதில்லை. இலக்கண நூல் செய்பவர்களுக்கு வாக்கியம் என்பது எலும்புக்கூடு. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். யானை பல் விளக்கினாலும் சரி, அமைச்சர் மரத்தில் ஏறினாலும் சரி, எழுவாயும் பயனிலையும் பொருந்தினால் போதும். ஒருமுறை ஒரே பயிற்சியில் ஒரு மாமா இரண்டு தடவை இறந்துபோனார். மூன்று பேர் பார்த்தும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்தான் கடிதம் எழுதி, அவர் நடுவில் பிழைத்துக்கொண்டாரா என்று கேட்டாள்.

பெரியவள் அத்தியாயத்தின் கடைசிப் பயிற்சியை எழுதினாள். பெயருக்குப் பின்னால் வரும் தொடரைக் கோடிட்டுக் காட்டுக, அவ்வளவுதான் கேள்வி. முதல் வாக்கியத்தில் அவர், கையில் பச்சைப் பேனாவோடு, மேல்மாடி அறையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்ததில் மேசை மேல் பழைய பதிப்பை விரிக்கிறார். அதற்கடுத்ததில் கண்ணாடியைத் துடைக்கிறார், வரிசையைக் கவனிக்கவில்லை. ஏழாவதில், மேல்மாடியிலிருந்து தொலைபேசியில், விடைகளை மாற்றும்படி மூலை மேசைப் பெண்ணிடம் சொல்கிறார். பிறகு முதலாளியின் முன்னால் நின்று, தான் எதுவும் சொல்லவில்லை என்கிறார். பத்தாவதில் மூலை மேசைப் பெண் தன் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அவர், தன் அறைச் சன்னலில் நின்றபடி, பார்த்துக்கொண்டிருக்கிறார். தங்கையின் பெயரை எங்கும் எழுதவில்லை. அதை இன்னொரு தடவை அச்சில் பார்க்க அவளுக்கு மனமில்லை.

எழுதினால் மட்டும் போதாது. இந்த நிலையில் சீட்டு வந்தால் கடைசிப் பேனா அவளுடையதாக இருக்கும். சீட்டில் அவள் பெயர் வரும். அவர் ஒவ்வொரு வரியிலும் கை வைக்க வேண்டும். அதற்காக வாக்கியங்களில் காற்புள்ளிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டாள். பாடத்தின் உயிரே அந்தக் காற்புள்ளிகள்தான். காற்புள்ளி இல்லாத இடத்தைப் பார்த்தால் அவர் பேனா தானாகத் திறந்துகொள்ளும். அவர் பேனா பட்ட பக்கத்தில் மெய்ப்புத் திருத்துபவர்கள் எதையும் தொடமாட்டார்கள். அவர் போட்டது வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

மெய்ப்புத் தாள் மறுநாள் அவரிடமிருந்து திரும்பி வந்தது. பக்கம் முழுக்கப் பச்சைக் கொசு மொய்த்தது போல் காற்புள்ளிகள். ஓரத்தில், ‘கவனம் போதாது’ என்று ஒரு குறிப்பு. பெரியவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏழாவதில் அவள் விரல் நின்றது.

அங்கே பச்சையே இல்லை. அவள் கைதான் காட்டிக்கொடுத்திருந்தது. இத்தனை வருஷம் சரியாகவே எழுதிப் பழகிய கை, அந்த ஒரு வாக்கியத்தில் தன்னையறியாமல் காற்புள்ளிகளைப் போட்டிருந்தது. எல்லா வாக்கியங்களும் எதற்காக இருந்தனவோ, அந்த வாக்கியத்தில்.

அப்படியே விட்டால், மற்ற வரிகளுக்கு அவரும் ஏழாவதற்கு அவளும் என்று சீட்டில் இரண்டு பெயர் வரும். பச்சை மை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பாருங்கள் யார் எழுதியது என்று சின்னவளுக்குச் செய்ததையே அவளுக்கும் செய்வார். அவள் தாளை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

அவர் அறையில் சன்னல் ஓரமாக ஒரு நாற்காலி, மேசையில் மூன்று பேனாக்கள், ஒரு மை புட்டி. தான் பதிப்பித்த நூல்களை முதுகு தெரியும்படி கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தார். அவள் வந்ததை நிமிர்ந்து பார்க்காமலே, காற்புள்ளிப் பாடத்திலேயே காற்புள்ளி போட மறப்பவர்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“ஒரே ஒரு சந்தேகம் சார். ஏழாவது வரியில மட்டும் உங்க கை படல. நீங்க பார்க்காம விட்டுட்டீங்களோன்னு…”

“நான் பார்க்காத வரி இந்த ஆபீஸ்ல எதும்மா இருக்கு?”

“அதான் சார், எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. உங்க பேரு வேற இருக்கு அந்த வரியில.”

அவர் தாளை வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு ஏழாவது வரியைப் பார்த்தார். பெரியவள் அவர் உதடுகளைக் கவனித்தாள். பெயர், காற்புள்ளி, தொடர், காற்புள்ளி, வினைச்சொல். உதடுகள் வினைச்சொல்லில் நின்றன.

“சொன்னார்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“சப்புனு இருக்கு. மேல்மாடியிலேர்ந்து போன் பண்றவன் சும்மா சொல்லுவானா? உத்தரவிட்டார்னு போடுங்க. அந்த இடத்துல ஒரு அதிகாரம் வேணும்.”

‘சொன்னார்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பச்சைக் கோடு போட்டு அடித்தார். மேலே ‘உத்தரவிட்டார்’ என்று அழகாக எழுதினார். பக்கத்தின் அடியில், அச்சுக்கு அனுப்பலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். இப்பத்தான் சார் வரி நிக்குது என்றாள் பெரியவள். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

புத்தகம் பள்ளி திறந்ததும் வெளியானது. அட்டையில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் வால் பாடத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு காலையில் பச்சை மை வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்து, அவளை அறைக்கு வரச்சொல்லிக் கதவைச் சாத்தினார். மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது. பென்சிலால் கோடிட்டிருந்தது, அவருடைய பேத்தியின் புத்தகம். பேத்தி வீட்டுப்பாடம் செய்யும்போது பத்து வாக்கியங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதை போல உரக்கப் படித்திருக்கிறாள். பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். படித்து முடித்து, அட்டையில் இருக்கும் பெயரையும் பார்த்துவிட்டு, அவரிடம் கேட்டிருக்கிறாள்: ‘தாத்தா, அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?’

இதை அவர் சொன்னபோது குரல் நடுங்கியது. கோபமா வேறெதுவுமா என்று பெரியவள் யோசிக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்த அச்சில் பயிற்சியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றார். புத்தகம் பள்ளிகளுக்குப் போய்விட்டது, சீட்டுதான் வழி என்றாள் அவள். அப்படியானால் அவள் பெயரில் சீட்டு போடுவேன் என்றார்.

“போடுங்க சார். கடைசியா யார் கை வச்சதுன்னு முதலாளியம்மா கேப்பாங்க. ஏழாவது வரியையும் கேப்பாங்க.”

அவர் புத்தகத்தைப் பார்த்தார். ‘உத்தரவிட்டார்’ என்ற சொல்லின் அடியில் பேத்தி தவறாக ஒரு கோடு போட்டு, பிறகு அழித்திருந்தாள்.

முதலாளியம்மா நிறுவனரின் மகள். அப்பாவின் விதிகளை அவர் உட்கார்ந்த நாற்காலியைப் போலவே மாற்றாமல் வைத்திருந்தார். இருவரையும் எதிரில் உட்காரவைத்து, பயிற்சியை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார். மெய்ப்பை வரவழைத்து அதிலிருந்த பச்சைத் திருத்தங்களையும் பார்த்தார். பிறகு தலைமைப் பதிப்பாசிரியரைப் பார்த்துக் கேட்டார்.

“இது நடந்ததா?”

“இல்ல. கற்பனை. வேணும்னே எழுதியிருக்கா.”

“கற்பனைன்னா எதுக்கு எடுக்கச் சொல்றீங்க? கன்னுக்குட்டியைக் காப்பாத்தினீங்களே, அதுவும் கற்பனைதானே. அதை எடுக்கச் சொல்லலையே.”

கீழே அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் தரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாளியம்மா அவசரப்படவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்று விளக்கினார். பயிற்சியில் பிழை எதுவும் இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும், பிள்ளைகள் வருஷா வருஷம் படிக்கட்டும். பிழை என்றால் சீட்டு போடலாம். சீட்டு என்றால் பெயர் வேண்டும். பெயர் இல்லாமல் சீட்டு போடக்கூடாதா என்று பச்சை மை கேட்டார். அப்பாவே தன் பேரைப் போட்டிருக்கார், உங்க பேருக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்றார் முதலாளியம்மா.

பச்சை மை எழுந்தார். வாசல் பக்கம் போனவர் திரும்பி நின்று, “பிழைதான்” என்றார்.

அவர் போன பிறகு முதலாளியம்மா பெரியவளிடம் திரும்பினார். அந்த அம்மா முட்டாள் இல்லை. காற்புள்ளிகளை யார் விட்டது, ஏன் விட்டது என்று அவருக்குப் புரிந்திருந்தது. உன் தங்கை சொன்னதை அன்னைக்கு நான் கேட்டிருக்கணும் என்றோ, அவளைத் திரும்ப வரச்சொல் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி நீ வாக்கியம் எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து பெரியவள் கணக்குப் பிரிவில் பக்க எண்களைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். கணக்குக்காரர் தன் மேசையில் பாதியை ஒழித்துக்கொடுத்து, இங்க வாக்கியம் ஏதும் வந்தா ரெண்டு பேர் ஒரு வேலையை எத்தனை நாள்ல முடிப்பாங்கங்கற கணக்குதான், அதுலயும் யாரையாவது மாட்டிவிட்டுடாதீங்க என்றார். அவள் சிரித்தாள். அந்த மாடியில் அவள் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது.

சீட்டு அச்சாயிற்று. பழைய பத்து வாக்கியங்களுக்குப் பதிலாகப் படகு, பூனை, மழை பற்றிப் புதிய பத்து வாக்கியங்கள். அடியில் பச்சை மையின் முழுப்பெயர். அதன் பின்னால், சின்னவளின் பெயருக்குப் பின்னால் இருந்த அதே சொற்கள், அதே வரிசையில், அதே எழுத்தளவில். நிறுவனரின் விதிப்படி அது பக்கத்தின் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டப்பட வேண்டும். பள்ளிக்கூடங்களில் என்ன நடந்தது என்று விற்பனையாளர்கள் வந்து சொன்னார்கள். சீட்டு வரும்வரை பாதிப் பிள்ளைகள் அந்தப் பயிற்சியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சீட்டு ஒட்டிய பிறகு எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். ஆசிரியர்களும் தூக்கிப் பார்த்தார்கள். விற்பனையாளர்கள் போகும் இடமெல்லாம், ‘அந்த போன் பண்ணின சார் எப்படி இருக்கார்’ என்ற கேள்வி முதலில் வந்தது. அவர் மேல்மாடி அறையில்தான் இருந்தார். ஆனால் இப்போதெல்லாம் யார் மேசையில் நின்று பேசினாலும், பேச்சு முடியும் முன்பே நகர்ந்துவிடுகிறார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

பெரியவள் ஒரு சீட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். சின்னவள் விளக்கடியில் அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். புத்தகத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். அவளிடம் வரும் பிள்ளைகளிடம் அந்த நூல் இருந்தது. பயிற்சியைப் பார்த்த அன்று அக்காவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இப்போது கேட்டாள்.

“இதனால எனக்கு என்னக்கா கிடைச்சுது?”

“உனக்கு ஒண்ணும் கிடைக்கலடி. அவருக்குக் கிடைச்சுது.”

சின்னவள் சீட்டை மடிக்காமல் அலமாரியின் மேல் வைத்தாள். சாப்பிட்டதும் நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று பெரியவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. அன்றிரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடுமுறை. பெரியவள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியில் கொடுத்த சீட்டுகள் பலருடைய புத்தகத்தில் ஒட்டாமல் அப்படியே செருகியிருந்தன. ஒருவன் அதை மடித்துப் படகு செய்துவிட்டிருந்தான். சின்னவள் அதைப் பிரித்து, விரல் நகத்தால் தேய்த்துச் சமமாக்கினாள். பசைப் புட்டியை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். முதலில் பழைய பத்து வாக்கியங்களையும் ஆளுக்கு ஒன்றாக உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர்கள் படித்தார்கள். ஏழாவது வாக்கியம் வந்தபோது, ‘உத்தரவிட்டார்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் படகு செய்தவன் தடுமாறி உச்சரித்தான். இன்னொரு தடவை சொல்லு என்றாள். அவன் சொன்னான். இன்னும் ஒரு தடவை.

பிறகு ஒட்டச் சொன்னாள். ஒவ்வொருவர் பின்னாலும் போய்க் குனிந்து பார்த்தாள். படகு செய்தவன் பசையை அதிகமாகத் தடவி, சீட்டைச் சாய்த்து வைத்திருந்தான். சின்னவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எடுத்துட்டு நேரா ஒட்டுடா. கோணலா ஒட்டினா சீட்டோட அடியில இருக்கற பேரு புத்தக மடிப்புல போய் மறைஞ்சிரும்.”